டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்கில் பெட்ரோல்–ஆயில் கலவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான கடற்கரை ஊர்களில் பழைய ஆர்எக்ஸ் 100, ஆர்எக்ஸ் 135, ஷோகன் வண்டிகளை மண்ணில் ஓட்டுவதற்கென மாற்றியமைத்து வைத்திருப்பவர்களும், இறக்குமதியான மோட்டோகிராஸ் வண்டிகளைப் பராமரிப்பவர்களும் பட்டறைகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஆயில் விகிதம் என்பது எஞ்சினின் உயவுக்காக ஒருமுறை தீர்மானித்துவிட்டு அதன்பின் மாற்றாமல் வைத்திருக்க வேண்டிய ஒன்று. டியூனிங் வேலை முழுவதையும் கார்புரேட்டர் ஜெட்டில்தான் (பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சிறு திருகு) செய்ய வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த நிலைப்பாட்டிலிருந்தே எழுதப்பட்டுள்ளன.

பெட்ரோலில் ஆயிலை ஏன் கலக்க வேண்டும்? கியர் பாக்ஸில் ஊற்றும் ஆயில் போதாதா?

போதாது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் முதலில் கிராங்க் அறைக்குள் வந்து, பிஸ்டன் கீழிறங்கும்போது அழுத்தப்பட்டு, டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக மேலே செல்கின்றன. பெட்ரோல் வந்துபோகும் அந்த அறையில் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியைப் போல ஆயிலைத் தேக்கி வைக்க இயலாது. ஆகவே கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் இரு முனைகள், பிஸ்டன், ரிங், போர் (சிலிண்டரின் உட்சுவர்) ஆகிய அனைத்தும் பெட்ரோலோடு சேர்ந்து வரும் ஆயிலை மட்டுமே நம்பியிருக்கின்றன. கியர் பாக்ஸ் ஆயில் கியருக்கும் கிளட்சுக்கும் மட்டுமே உரியது.

32:1, 40:1 என்று சொல்கிறார்களே, அது எத்தனை மில்லி?

1,000 மில்லியை விகித எண்ணால் வகுத்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குத் தேவையான ஆயில் அளவு கிடைத்துவிடும். 20:1 என்றால் 50 மி.லி., 25:1 என்றால் 40 மி.லி., 32:1 என்றால் ஏறத்தாழ 31 மி.லி., 40:1 என்றால் 25 மி.லி., 50:1 என்றால் 20 மி.லி. ஐந்து லிட்டர் கேனுக்கு 32:1 கலக்க 156 மி.லி. ஆயில் தேவைப்படும்.

பாட்டில் மூடியால் அளப்பதைக் கைவிடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மி.லி. சிரிஞ்சு ஒன்று இந்த வேலைக்குப் போதும். பாதிப் பெட்ரோலைக் கேனில் ஊற்றி, அளந்த ஆயிலைச் சேர்த்துக் குலுக்கி, மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடியும் குலுக்க வேண்டும். வண்டி டேங்கில் பெட்ரோலையும் ஆயிலையும் தனித்தனியே ஊற்றிவிட்டு வண்டியை ஆட்டினால் போதும் என்று எண்ணுவது தவறு, ஏனெனில் ஆயில் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் கரைவதற்கு முன்பே பெட்ரோல் டேப் (திறந்து மூடும் குழாய்) இருக்கும் அடிப்பகுதிக்கு இறங்கிவிடும்.

எங்கள் வண்டிக்கு எந்த விகிதம் சரி?

வண்டியின் கையேடு சொல்லும் விகிதமே தொடக்கப் புள்ளி. யமஹா ஒய்இசட் மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு 30:1 என்றும், கவாசாகி கேஎக்ஸ் வண்டிகளுக்கு 32:1 என்றும், கார்புரேட்டர் கொண்ட கேடிஎம் எண்டூரோ வண்டிகள் சிலவற்றுக்கு 60:1 என்றும் கையேடுகள் கூறுகின்றன. மூன்றுமே நல்ல எஞ்சின்கள் என்னும்போது ஏன் இத்தனை வேறுபாடு என்று கேட்பவர்கள், அந்த எஞ்சின்கள் எந்தச் சுழற்சி வேகத்தில் எவ்வளவு நேரம் உழைக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். கிராங்க் அறைக்குள் வந்த ஆயில் உடனே எரிந்துபோவதில்லை. பேரிங்கிலும் சுவரிலும் படிந்து, மெதுவாக நகர்ந்து, சில நிமிடங்களுக்குப் பின்னரே வெளியேறுகிறது. வேகம் கூடக்கூட அந்த ஆயில் விரைவாக அடித்துச் செல்லப்படுவதால், நிமிடத்துக்கு 10,000 சுழற்சிக்கு மேல் ஓடும் 125 சிசி எஞ்சினுக்கு அதிக ஆயிலும், குறைந்த வேகத்தில் இழுக்கும் 300 சிசி எண்டூரோ எஞ்சினுக்குக் குறைந்த ஆயிலும் தேவைப்படுகின்றன.

நம் பகுதியில் மற்றொரு காரணத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பனங்காட்டு மணலிலும், கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்களின் பொடி மண்ணிலும் வண்டி மெதுவாகத்தான் நகரும், ஆனால் ஆக்சிலேட்டர் நீண்ட நேரம் முக்கால் அளவுக்கு மேல் திறந்தே இருக்கும். ஆர்எக்ஸ் போன்ற காற்றால் குளிரும் எஞ்சினுக்கு இது மிகக் கடினமான நிலை: சுமை முழுதாக இருக்கும்போது, ஃபின்களின் மீது காற்று போதிய அளவு படுவதில்லை. ஆகவே மண்ணில் ஓட்டும், ஆட்டோலூப் பம்ப் (ஆயிலைத் தானே அளந்து தரும் பம்ப்) கழற்றப்பட்ட ஆர்எக்ஸ் வண்டிகளுக்கு நல்ல தரமான ஆயிலோடு 30:1 அல்லது 32:1 என்பதே என் பரிந்துரை. தார்ச் சாலையில் நிதானமாக ஓட்டுபவருக்கு 40:1 போதுமானது. சாதாரண மினரல் ஆயில் மட்டுமே கிடைக்கிறது என்றால் 25:1 வரை செல்லலாம். இறக்குமதி வண்டிகளில், கையேடு 60:1 என்று அனுமதித்தாலும், மணலில் நெடுநேரம் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டுபவர்கள் 40:1 கலப்பதில் எந்தத் தீங்கும் இல்லை.

ஆயிலைக் கூட்டினால் கலவை ரிச் ஆகும், எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள். ரிச், லீன் என்ற சொற்கள் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைக் குறிப்பவை (பெட்ரோல் கூடினால் ரிச், குறைந்தால் லீன்); ஆயிலைக் குறிப்பவை அல்ல. ஜெட்டின் துளை மாறாமல் இருக்கும்போது அதன் வழியே செல்லும் திரவத்தில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும். 50:1 கலவையில் பெட்ரோல் ஏறத்தாழ 98 சதவீதம், 32:1 கலவையில் ஏறத்தாழ 97 சதவீதம். அத்துடன் ஆயில் கூடிய கலவை சற்றுத் தடித்து, ஜெட் வழியாகக் கொஞ்சம் மெதுவாகவே பாயும். எனவே ஆயிலைக் கூட்டினால் பெட்ரோல் அளவில் எஞ்சின் சிறிது லீன் ஆகிறது.

மாற்றம் சிறியதுதான். ஆனாலும் அதைப் புரிந்துகொள்ளாதவர் எடுக்கும் முடிவு எஞ்சினைக் கெடுத்துவிடுகிறது: வண்டி சூடாகிறது, டிக் டிக் என்று தட்டுகிறது என்றவுடன், அடுத்த முறை ஆயிலை இருமடங்காக ஊற்றுகிறார். லீன் ஆக இருந்த எஞ்சின் மேலும் லீன் ஆகிறது. புகை மட்டும் கூடுவதால் ரிச் ஆகிவிட்டது என்று நம்பி, மெயின் ஜெட்டை ஒரு படி குறைக்கவும் செய்கிறார். அதன்பின் அந்த பிஸ்டனைக் காப்பாற்ற வழியில்லை. தட்டும் எஞ்சினுக்குத் தேவைப்படுவது பெரிய மெயின் ஜெட், அல்லது பின்னுக்குத் தள்ளிய இக்னிஷன் டைமிங், அல்லது காற்றுக் கசிவை அடைத்தல்.

விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் மாற்ற வேண்டுமா?

40:1-இலிருந்து 32:1-க்கு மாறுவதற்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை. 50:1-இலிருந்து 25:1-க்கு மாறினால் பிளக்கையும் பிஸ்டன் தலையையும் மறுபடி பார்த்தாக வேண்டும். டேங்கில் 40:1 கலவை 2 லிட்டர் மீதமிருக்க, அதன்மேல் 32:1 கலவை 3 லிட்டர் ஊற்றினால் மொத்தம் ஏறத்தாழ 35:1 ஆகும். இதனால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாரம் ஒரு விகிதம், மாதம் ஒரு கம்பெனி ஆயில் என்று மாற்றிக்கொண்டே இருப்பவரால் ஜெட்டைச் சரியாக அமைக்கவே முடியாது.

ஜெட்டை எப்படிச் சரிபார்ப்பது? எங்கள் வெயிலுக்கு என்ன மாற்றம் செய்ய வேண்டும்?

ஆக்சிலேட்டர் கைப்பிடியில் ஒரு டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று குறித்துக்கொள்ளுங்கள். மூடிய நிலையிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், காலிலிருந்து முக்கால் வரை நீடிலும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் ஆளுகின்றன. கோளாறு எந்தக் குறியில் வருகிறதோ அந்தப் பகுதியை மட்டும் தொட வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டபின்னும் ஐடில் இறங்காமல் தொங்குவது, திடீரென முறுக்கும்போது மூச்சடைத்துத் தயங்குவது, இழுவையில் உலோகச் சத்தம் வருவது ஆகியவை லீன் ஆனதன் அறிகுறிகள். முழு ஆக்சிலேட்டரில் இடைவிட்டு வெடித்து வேகம் ஏறாமல் நிற்பதும், பிளக் நனைந்து கறுப்பதும் ரிச் ஆனதன் அறிகுறிகள்.

மெயின் ஜெட்டுக்குப் புதிய பிளக் போட்டு, எஞ்சின் நன்கு சூடானபின் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்த கணமே எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது பழைய முறை. பீங்கானின் நுனியைவிட அதன் உட்புற அடிப்பகுதியில் தெரியும் வளையமே மெயின் ஜெட்டின் உண்மையைச் சொல்லும். எத்தனால் கலந்த பெட்ரோலில் பிளக் வெளிறியே தெரிவதால், நிறத்தை மட்டும் நம்பாமல் ஹெட்டைக் கழற்றி பிஸ்டன் தலையையும் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் போர்ட்களை ஒட்டிச் சிறு பகுதிகள் கரி படியாமல் கழுவப்பட்டது போல இருந்தால் பெட்ரோல் போதுமான அளவு வருகிறது. தலை முழுவதும் உலர்ந்த கரியாக இருந்தால் லீன்.

வெயிலைப் பொறுத்தவரை, நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் காற்று அடர்த்தியானது. 38 டிகிரி நண்பகலில் உள்ள காற்று 25 டிகிரிக் காலைக் காற்றைவிட ஏறத்தாழ 4 சதவீதம் அடர்த்தி குறைந்தது, ஆகவே அதே ஜெட் நண்பகலில் சற்று ரிச் ஆகவும் காலையில் சற்று லீன் ஆகவும் அமையும். வைகாசி வெயிலில் கச்சிதமாக அமைத்த வண்டியை மார்கழி விடியலில் முழு வேகத்தில் ஓட்டுவது அபாயம் என்பதை இங்குள்ளோர் அதிகம் நினைப்பதில்லை. எப்போதும் குளிர்ந்த காலைக்கு ஏற்ப ஜெட்டை அமையுங்கள். நண்பகலில் சிறிது மந்தமாக இருந்தாலும் பிஸ்டன் பிழைக்கும். கொடைக்கானலுக்கு எடுத்துச் சென்றால் நிலைமை தலைகீழாகும்: 2,000 மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் மெயின் ஜெட்டைக் குறைத்தே ஆக வேண்டும். திரும்பி இறங்கும்போது பழைய ஜெட்டை மறவாமல் மாட்டுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்கில் கிடைக்கும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலால் என்ன வேறுபாடு?

மூன்று வேறுபாடுகள் உண்டு. முதலாவது, எத்தனால் எரிவதற்குக் குறைந்த காற்றே போதும். சுத்தப் பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் அது ஏறத்தாழ 13.5 பங்கு. எனவே எத்தனால் இல்லாத காலத்தில் அமைத்த ஜெட் இப்போது லீன் ஆகிவிட்டது. பழைய ஜெட்டோடு ஓடும் வண்டிகளில் மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு படி ஏற்றி, நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி நீடிலை உயர்த்திப் பார்க்க வேண்டும். இரண்டாவது, பழைய ரப்பர் குழாய், ஓ-ரிங், ஃபைபர் பூச்சுள்ள டேங்க் ஆகியவை எத்தனாலில் ஊறிக் கெடலாம். மூன்றாவது, கடற்கரைக்கு மிக முக்கியமானது, நீர்.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உப்பங்காற்று வீசும் மண்டபம், பாம்பன், கீழக்கரை போன்ற ஊர்களில் பாதி காலியான டேங்கோடு பல வாரம் நிற்கும் வண்டிக்குள் ஈரம் சேர்ந்துகொண்டே இருக்கும். பெட்ரோல் தாங்கக்கூடிய அளவைத் தாண்டியதும், நீரும் எத்தனாலும் ஒன்றுசேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். நீங்கள் கலந்த 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் மேலே உள்ள பெட்ரோலிலேயே நின்றுவிடும். டேப் அடியிலிருந்து எடுப்பதால், ஆயிலே இல்லாத திரவம் எஞ்சினுக்குள் போகும். 20:1 கலந்து ஊற்றியிருந்தாலும் அந்த நிலையில் பயனில்லை. விகிதத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுவோர், நீண்ட நாள் நின்ற வண்டியை எடுக்குமுன் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சிறிது பெட்ரோலைப் பிடித்து, கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் செலவிட வேண்டும்.

எத்தனால் அளவை நீங்களே ஏறத்தாழ அறியலாம். ஆயில் கலக்காத பெட்ரோல் 90 மி.லி., தண்ணீர் 10 மி.லி. இரண்டையும் அளவுக் குழாயில் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துவிடுவதால் அடி அடுக்கு உயரும். 28 மி.லி. அருகில் நின்றால் அது 20 சதவீதக் கலவை. சோதித்த பெட்ரோலை மீண்டும் டேங்கில் ஊற்றக் கூடாது.

எந்த ஆயிலை வாங்குவது?

பாட்டிலின் பின்புறம் ஜாசோ எஃப்சி அல்லது ஜாசோ எஃப்டி (ஜப்பானியத் தரக் குறியீடுகள்) என்று இருக்கிறதா எனப் பாருங்கள். எஃப்டி தரம் பிஸ்டனையும் ரிங் பள்ளத்தையும் சுத்தமாக வைப்பதில் மேம்பட்டது. மாற்றியமைத்த ஆர்எக்ஸ் வண்டிகளுக்கு அதுவே போதுமானது. எஸ்டர் அடிப்படையிலான பந்தய ஆயில்கள் உயர் வேக மோட்டோகிராஸ் எஞ்சின்களுக்காகச் செய்யப்பட்டவை. மெதுவாக ஊர்ந்து ஓட்டினால் அவை முழுதாக எரியாமல் கரி விடும். விலை உயர்ந்தது என்பதற்காக மட்டும் அவற்றை வாங்க வேண்டாம்.

வீட்டில் படகின் அவுட்போர்டு எஞ்சினுக்கு வாங்கிய ஆயில் இருக்கிறது. அதைப் பைக்கில் ஊற்றலாமா?

மீனவர் வீடுகளிலிருந்து இக்கேள்வி அடிக்கடி வருகிறது, நியாயமான கேள்வியும்கூட, ஏனெனில் இரண்டும் டூ-ஸ்ட்ரோக்தான். ஆனால் டிசி-டபிள்யூ3 என்று குறித்த அவுட்போர்டு ஆயில், கடல்நீரால் இடைவிடாமல் குளிர்விக்கப்பட்டு ஒரே சீரான வேகத்தில் ஓடும் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. சாம்பல் விடாத மருந்துகளே அதில் சேர்க்கப்பட்டுள்ளன. காற்றால் குளிரும் பைக் எஞ்சினின் கடும் வெப்பத்தில் அந்த மருந்துகள் தாங்காது. ரிங் பள்ளத்தில் பிசின் கட்டி ரிங் ஒட்டிக்கொள்ளும். பைக் ஆயிலை அவுட்போர்டில் ஊற்றுவதும் அதேபோல் தவறு. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலப்பதையும் அறவே தவிருங்கள். அதன் ஆக்டேன் மிகக் குறைவு என்பதால் எஞ்சின் தட்டத் தொடங்கி, பிஸ்டனில் ஓட்டை விழும் வரை போகலாம்.

ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயிலோ விளக்கெண்ணெயோ?

ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயிலில் உள்ள துத்தநாக, கால்சியச் சேர்மங்கள் எரியும்போது சாம்பலாகப் படிந்து, பிளக்கை அடைத்து, சூடேறிய புள்ளிகளாக நின்று கலவையை முன்கூட்டியே பற்றவைக்கும். எனவே கூடாது. ஆமணக்கெண்ணெய் பந்தய எஞ்சின்களில் நெடுங்காலம் பயன்பட்டது உண்மை, கடும் வெப்பத்திலும் அதன் படலம் அறுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் அதற்கெனப் பதப்படுத்தி மருந்து சேர்த்த ஆயில் வேறு, மளிகைக் கடை விளக்கெண்ணெய் வேறு. பின்னது பெட்ரோலில் சரியாகக் கரையாமல் பிரிவதோடு, ரிங்கையும் போர்ட்டையும் பிசினால் மூடிவிடும்.

ஆர்எக்ஸ் வண்டியின் ஆட்டோலூப் பம்பைக் கழற்றிவிடலாமா?

சாலையில் ஓட்டும் வண்டியில் கழற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த பம்ப், சுழற்சி வேகத்துக்கும் ஆக்சிலேட்டர் திறப்புக்கும் ஏற்ப ஆயிலை அளந்து தருகிறது. ஆக்சிலேட்டரை மூடி வண்டி உருளும்போதும் எஞ்சின் சுழலும்வரை அது வேலை செய்கிறது. கலந்து ஊற்றும் வண்டியில் பெட்ரோல் நின்றால் ஆயிலும் நின்றுவிடும். பம்ப் கேபிளின் குறியைச் சரியாகப் பொருத்தி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி வைத்தால் பல ஆண்டுகள் தொல்லையின்றி ஓடும்.

மண்ணில் விழுந்து எழும் வண்டியிலும், எஞ்சின் பெரிதும் மாற்றப்பட்ட பந்தய வண்டியிலும் கழற்றுவதற்குக் காரணம் உண்டு. அப்போது பம்ப் இருந்த துளையையும், ஆயில் உள்ளே வரும் முனையையும் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். அந்த முனையைத் திறந்தே விட்டால் எஞ்சின் அதன் வழியாகக் காற்றை இழுத்து லீன் ஆகிவிடும். வண்டியைப் பிறர் எடுத்துச் சென்று பங்கில் வெறும் பெட்ரோல் போட்டுவிடாதபடி டேங்க் மூடியருகே எழுதி வைப்பதும் அவசியம்.

சைலன்ஸர் இணைப்பில் கறுப்பு எண்ணெய் வடிகிறது. ஆயிலைக் குறைக்கட்டுமா?

வேண்டாம். பெரும்பாலும் ஜெட் ரிச் ஆக இருப்பதாலோ, வேகமாக ஓட்ட வேண்டிய எஞ்சினை ஊர்ந்தே ஓட்டுவதாலோதான் ஆயில் எரியாமல் வெளியே வருகிறது. பைலட் ஜெட்டையும் நீடிலையும் முதலில் சரிசெய்யுங்கள்.

எஞ்சின் சீஸ் ஆனது (பிஸ்டன் உள்ளே இறுகி நின்றுவிட்டது). ஆயில் குறைவாகக் கலந்ததுதான் காரணமா?

இருக்கலாம், ஆனால் அப்படி முடிவு கட்டுவதற்கு முன் பிஸ்டனைப் படியுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உராய்ந்திருந்தால் அதிக வெப்பம், லீன் ஜெட் அல்லது காற்றுக் கசிவு. நான்கு மூலையிலும் கோடு விழுந்திருந்தால் எஞ்சின் சூடாகும் முன் முறுக்கியிருக்கலாம், அல்லது ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குதல்) செய்தபோது பிஸ்டனுக்கும் போருக்கும் போதிய இடைவெளி விடப்படாமல் இருந்திருக்கலாம். பிஸ்டனைச் சுற்றிலும் உராய்ந்து, பேரிங்கும் நிறம் மாறியிருந்தால்தான் ஆயில் குறைவு என்று சந்தேகிக்க வேண்டும். இன்டேக் பக்கத்தில் மட்டும் மங்கலாகத் தேய்ந்திருந்தால் உள்ளே போனது மணல்.

கிராங்க் சீலை மறக்கவே கூடாது. மேக்னட் பக்கச் சீல் கசிந்தால் காற்று புகுந்து லீன் ஆகும். கிளட்ச் பக்கச் சீல் கசிந்தால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெண்புகை வரும். நெடுநாள் நின்ற பழைய வண்டியை எடுப்பவர், எந்த விகிதம் என்று கேட்பதற்கு முன் இரண்டு சீலையும் மாற்றிவிட வேண்டும்.

ரீபோர் செய்தபின் அதிக ஆயில் ஊற்ற வேண்டுமா?

வழக்கமான விகிதமே போதும். எஞ்சினைச் சூடாக்கி, முழுதாக ஆறவிட்டு, இப்படிச் சிலமுறை செய்தபின் மிதமான சுமையில், ஒரே வேகத்தில் நிற்காமல் மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

மணலில் ஓட்டுவோர் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

ஏர் ஃபில்டரை. ஃபோம் ஃபில்டரை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் கழுவி உலர்த்தி, அதற்குரிய ஆயிலில் நனைத்துப் பிழிந்து, விளிம்பில் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். அடைத்த ஃபில்டர் கலவையை ரிச் ஆக்கும் என்பதால், அழுக்கு ஃபில்டரோடு ஜெட் அமைத்தவர் அதைச் சுத்தம் செய்த மறுநாள் லீன் ஆன எஞ்சினோடு நிற்பார்.

ஓட்டும் இடத்தையும் கவனியுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் தேசியப் பூங்கா. இக்கரையின் மணலில் பங்குனி ஆமைகள் தை மாதம் முதல் முட்டையிட வருகின்றன. கடற்கரை மணலை அவற்றுக்கு விட்டுவிட்டு, உரிமையாளரின் அனுமதி பெற்ற தனியார் நிலத்தில் ஓட்டுங்கள்.

கலந்த பெட்ரோலை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

மூடிய உலோகக் கேனில், நிழலில், இரண்டு மூன்று வாரம். வெயிலில் விரிவதற்காகக் கேனின் மேற்பகுதியில் சிறிது இடம் விடுங்கள், ஆனால் பாதிக் கேனாக வைத்து ஈரக் காற்றுக்கு இடம் தராதீர்கள். கேன் மேல் கலந்த தேதியையும் விகிதத்தையும் எழுதுங்கள். நாள் கடந்த கலவையில் கோடு விழாமல் தெளிவாக இருந்தால், ஆட்டோலூப் உள்ள வண்டியின் டேங்கில் புதுப் பெட்ரோலோடு சிறிது சிறிதாகச் சேர்த்துத் தீர்த்துவிடலாம். பிரிந்துபோனதை எந்த எஞ்சினிலும் ஊற்றக் கூடாது; கண்மாயிலோ கடலோரத்திலோ கொட்டவும் கூடாது. பட்டறையில் கழிவு ஆயில் சேர்க்கும் டிரம்மில் பெட்ரோல் கலக்க அவர்கள் அனுமதிப்பதில்லை என்பதால், தனிக் கேனில் அடைத்து, எரிபொருள் கழிவு என்று எழுதி, அதை எடுத்துக்கொள்வோரிடம் ஒப்படையுங்கள்.